ஒரு இலை உதிரப்படாது

— ஆளத் தொடமாட்டோம்னு சொல்லிட்டேன் டீச்சரம்மா. அம்புட்டுத்தான். இதுக்கு மேல எனக்கு வேதம் ஓதாதீய.

— ஓதல அண்ணாச்சி. மத்தியானம் மதுரை பஸ்ஸ விட்டு எறங்குறேன், உங்க தம்பி ஞானதுரை வத்திராயிருப்பு பஸ்ல ஏறுதாரு. கூட ரெண்டு பேரு. தோள்ல சாக்கு மூட்டை, உள்ள இரும்புச் சத்தம். எப்பவும் சிரிச்சு ‘வாங்க டீச்சர்’னு சொல்ற மனுசன் இன்னைக்கு என் மூஞ்சியவே பாக்கல. ஆஸ்பத்திரியில பார்வையாளர் நேரம் எப்ப வரும்னு காத்துக் கெடந்து ஓடியாறேன். எங்க போறாங்க?

— பிளவக்கலுக்கு. சுப்புராஜ் தோப்புக்கு. மூட்டையில கோடாலியும் ரம்பமும் இருக்கு. கொப்பு கழிக்க அருவா இருக்கு. பொழுது சாயவும் உள்ள எறங்குவானுக. விடியும்போது அங்க ஒரு மரம் நிக்காது. தூருல ஊத்த ஆசிட்டும் வாங்கிக் குடுத்துவிட்டிருக்கேன். வெட்டுனது திரும்பத் துளுக்கப்படாதுல்லா.

— கர்த்தரே. அந்த ஆளு அங்க இருந்தா?

— இருக்கான். பெயில்ல வந்தவன் ராஜபாளையத்துல அவன் மரக்கடைக்குப் போகப் பயந்துக்கிட்டு தோப்பு மோட்டார் ரூம்லதான் படுத்துக் கெடக்கான். அதுதான வேணும். அவனக் கட்டில்ல கட்டிப் போட்டு, கண்ணு முன்னால ஒண்ணொண்ணா வெட்டணும். என்னைய எப்படிப் பாக்க வெச்சானோ அப்படி அவனும் பாக்கணும்.

— போலீஸ் கேசு நடக்குதுல்ல?

— கேசு நடக்கும் டீச்சரம்மா. நடந்துக்கிட்டே இருக்கும். நான் இங்க சோத்தப் பிசைஞ்சு ஊட்டப் பொண்டாட்டியக் கூப்பிடுதேன்.

— அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? ரேஞ்ச் ஆபீஸ்ல ஆளுக்கு ஒரு கதை சொல்லுதாங்க.

— கதை என்ன கதை. செண்பகத்தோப்பு ஃபாரஸ்ட் போஸ்டுக்கு மேல, என் காவல்ல உள்ள சிறுகருங்காலி மரச் சரிவு. ரம்பச் சத்தம் கேக்கு. ஏறிப் போனேன். நாலு பேரு. விசில் ஊதுனேன். மூணு பேரு ஓடிட்டானுக, சுப்புராஜ் ஓடல. நான் ரம்பத்தப் பிடிச்சுக்கிட்டேன், விடல. ஓடுனவனுக திரும்பி வந்து பின்னால இருந்து அமுக்கிட்டானுக. வெட்டிச் சாய்ச்ச மரம் கெடக்குல்லா, அது மேல என் வலது கையை விரிச்சு வெச்சான். கறிக்கடையில எலும்பு வெட்டுவாம்ல, அதே மாதிரி, அவசரமே இல்லாம. ‘கண்ண மூடுனா அடுத்த கையும் போகும்லே, பாரு’ன்னான். பாத்தேன். நாலு விரலும் ஓடையில உருண்டு போச்சு. கட்டவெரலு மட்டும் எதுக்கு மிச்சம் வெச்சான் தெரியுமா? ‘கைநாட்டு வெக்க வேணும்ல’ன்னு சொல்லிச் சிரிச்சான்.

— ஐயோ.

— ஐயோன்னு சொல்லாதீய. நானும் லேசுப்பட்டவன் இல்ல. போன ஆடியில அவன் ஆளு ஒருத்தன் கையும் களவுமா சிக்குனான். அதே சரிவுல மரத்தோட கட்டி வெச்சு, பெல்ட்டால அடிச்சேன். தோலு உரியவும் நிறுத்துனேனா, இல்ல. அவன் இன்னைக்கும் குப்புறத்தான் படுக்கானாம். அதுக்குத்தான் இது. இதுக்குத்தான் அது.

— இது எங்க போயி முடியும் அண்ணாச்சி?

— இன்னைக்கு முடிஞ்சிரும். எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, கேட்டுக்கிடுங்க. வெட்டுப்பட்ட வீட்டுக்காரன் ரெண்டுல ஒண்ணுதான் கேக்கலாம். ஆளு, இல்ல தோப்பு. தோப்புன்னா ஆளு மேல ஒரு கீறல் விழப்படாது. ஆளுன்னா தோப்புல ஒரு இலை உதிரப்படாது, செத்தவன் பிள்ளைக கஞ்சி குடிக்கணும்ல. ரெண்டையும் எடுத்தா அதுக்குப் பேரு பழி இல்ல, கொள்ளை. ஞானதுரை ஆளுதான்னு ஒத்தக்கால்ல நின்னான். அவன் பாளையங்கோட்டை ஜெயில்ல களி தின்னவன், இன்னொரு வாட்டி தின்னக் கசக்காது. நான்தான் தோப்புன்னேன். இந்தக் கட்டுப் போட்ட கை மேல சத்தியம் வாங்கித்தான் அனுப்பிருக்கேன்.

— ஏன் தோப்புன்னீங்க? உயிர்ப் பயமா?

— சுப்புராஜ் பொண்டாட்டி வெள்ளத்தாய் எனக்குத் தங்கச்சி மொறை, சித்தப்பன் மக. அவ கல்யாணத்துக்கு வாழை மரம் கட்டுனவன் நான். அவ தாலிய நானே அறுக்க முடியுமா?

— டீச்சரம்மா, குறுக்க பேசுதேன்னு கோவிக்காதீங்க. பக்கத்துக் கட்டில் காதர். ராஜபாளையத்துல பேண்டேஜ் மில்லு, பெல்ட்டுல காலக் குடுத்துட்டு வந்து கெடக்கேன். இவரு கையில சுத்தியிருக்காங்களே, அந்தத் துணியே எங்க மில்லுத் துணிதான். வந்த நாள்லருந்து பாக்குறேன், இந்த மனுசன் தூக்கத்துல கைய நெனச்சு அழல. ‘இந்த வருசமும் பூ கொட்டிப் போச்சே’ன்னு அழுதாரு. அது என்னன்னு நீங்களாவது கேளுங்க.

— சும்மா கெடங்க பாய்.

— அதுக்குத்தான் நான் வந்திருக்கேன் பாய். அண்ணாச்சி, மதுரை லேப்லருந்து ரிசல்ட் வந்திருச்சு.

— நாம எல எலயாப் பறிச்சு ஐஸ் டப்பாவுல போட்டமே, அதா?

— அதேதான். சரிவுல நிக்கிற ஒவ்வொரு மரத்துலயும் நீங்க ஏறிப் பறிச்சுக் குடுத்தீங்க. அந்த இலைய அரைச்சு, சாறெடுத்து, ஜெல்லி மாதிரி ஒரு பாளத்துல விட்டுக் கரண்டு குடுத்தோம். சாறு கோடு கோடாப் பிரியும். ஆளுக்கு ஆளு கைரேகை மாறுற மாதிரி, மரத்துக்கு மரம் அந்தக் கோடு மாறணும்.

— கைரேகைன்னு சொல்லாதீய. என் ரேகை ஓடையில போச்சு.

— மன்னிச்சுக்கோங்க.

— விடுங்க. கோடு மாறலியா?

— ஒண்ணுகூட மாறல. மேல் ஓரத்து மரத்துலருந்து ஓடைக்கரை மரம் வரைக்கும் எல்லாம் ஒரே கோடு. எனக்கு நம்பிக்கை வரல, திரும்பச் செஞ்சு பாத்தேன். அதேதான். அண்ணாச்சி, அங்க நிக்கிறது தோப்பு இல்ல. ஒரே மரம். எந்தக் காலத்துலயோ ஒரு மரம் நின்னிருக்கு, அது வேர் ஓடி, ஓடுன எடத்துலெல்லாம் கன்னு கெளம்பி, அந்தக் கன்னு மரமாகி அதுவும் வேர் விட்டு, இப்படியே மலைச் சரிவு முழுக்க அது ஒண்ணே நிக்கிது.

— அணில் சரணாலயம்னு போர்டு நட்ட வருசத்துலருந்து அந்தச் சரிவு என் காவல் டீச்சரம்மா. ஒவ்வொரு மரத்துக்கும் பேரு வெச்சிருந்தேன். பெத்தம்மான்னு ஒண்ணு, கூனின்னு ஒண்ணு. எல்லாம் ஒருத்திதாங்கிறீயளா? ஒத்த மரத்துக்கா நான் அந்தப் பயல அடிச்சுத் தோல உரிச்சேன்? ஒத்த மரத்துக்கா என் கை போச்சு?

— கோபப்படாமக் கேளுங்க. இந்த ஜாதியில ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. ஒங்க சரிவு மொத்தமும் பெண்ணு. அதான் வருசா வருசம் பூக்கும், பிஞ்சு பிடிக்கும் முன்னால கொட்டிரும்.

— அதுக்கு நான் செய்யாத வேலை இல்ல. மஞ்சக்கயிறு கட்டுனேன். சாமி கொண்டாடியக் கூட்டிட்டுப் போயி விபூதி போட்டேன். ஒருத்தன் சொன்னான்னு செருப்பையும் வெளக்கமாத்தையும் கட்டித் தொங்கவிட்டேன். கோடாலியக் காட்டி, ‘காய்க்கலன்னா வெட்டிப்புடுவேன்’னு மெரட்டுனேன். கூட வந்தவன் மரத்துக்காக, ‘வேண்டாம், வார வருசம் காய்ச்சிரும்’னான். எங்க காய்ச்சது.

— பாவம், ஊரு முழுக்கப் பொண்ணாப் பொறந்து நின்னா, மெரட்டி என்ன செய்ய? மாப்பிள்ளைய எங்கருந்து கொண்டாறது?

— பாய் சிரிக்காதீங்க. நெலமை அதத்தான் கேக்குது. அண்ணாச்சி, போன தடவை ஏறும்போது மேல் ஓரத்துல இலை கருகிக்கிட்டு வந்துச்சே, பாத்தீங்கல்ல?

— பாத்தேன். வெயிலுன்னு நெனச்சேன்.

— வெயில் இல்ல. பூசணம். ஒரு தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டப் போட்டு வெச்சா என்ன ஆகும்? கள்ளனுக்கு ஒரு சாவி போதும். அந்தச் சரிவுக்கு இப்ப அந்தச் சாவி கெடைச்சிருச்சு. ஒரு மரத்தக் கொல்ற நோய் எல்லாத்தையும் கொல்லும், ஏன்னா எல்லாம் ஒண்ணு. வேற கோடு உள்ள மரத்தோட கலந்து விதை விழணும். அந்த விதையில நூறு விதமாப் பிள்ளை வரும். ஒண்ணு செத்தா ஒண்ணு தாங்கும். விதை இல்லேன்னா இன்னும் நாலஞ்சு மழைதான். இந்த மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் இந்த மரம் கெடையாது.

— அதச் சொல்லத்தான் மதுரையிலருந்து ஓடியாந்தீயளா? நாலு விரலு போனவன்கிட்ட, மரமும் போச்சுன்னு சொல்லவா?

— இல்ல. மாப்பிள்ளை கெடைச்சிருச்சுன்னு சொல்ல.

— என்னது?

— ஒரே ஒரு இலையில மட்டும் கோடு வேற மாதிரி வந்துச்சு. சுத்தமா வேற. அது சரிவுல பறிச்ச இலை இல்ல. போன வருசம் காலேஜ் பிள்ளைகளக் கூட்டிட்டுப் பிளவக்கல் அணைக்குப் போனேன். அணைக்குக் கீழ ஒரு மாந்தோப்பு. குடிக்கத் தண்ணி கேட்டு உள்ள போனோம். கிணத்தடியில இந்த மரம் நிக்கிது. சந்தேகத்துல ஒரு கொப்பு ஒடிச்சேன், பூவும் இருந்துச்சு. ஆண் பூ. எந்தக் காலத்துலயோ அங்க காட்ட அழிச்சுத் தோப்புப் போட்டவங்க, நெழலுக்குன்னு அத மட்டும் விட்டிருக்காங்க. நானும் தேடாத எடம் இல்ல அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்சு மிச்சம் இருக்கிற ஆண் மரம் அது ஒண்ணுதான்.

— அணைக்குக் கீழ எந்தப் பக்கம்?

— வாய்க்காலுக்குக் கெழக்க. அந்த வீட்டு அம்மா மோரு குடுத்தாங்க. ‘இது மலட்டு மரம் டீச்சர், காய்க்கவே காய்க்காது, மாமனாரு வெட்டச் சொல்லிக்கிட்டே செத்தாரு, பாத்திரம் வெளக்குற எடத்துல நெழலாச்சேன்னு நான்தான் வெட்ட விடல’ன்னாங்க. நல்ல மனுசி. அவங்க பேருகூட…

— வெள்ளத்தாய்.

— ஆமா. எப்படி… அண்ணாச்சி, அது சுப்புராஜ் தோப்பா?

— வாய்க்காலுக்குக் கெழக்க கிணறு உள்ள மாந்தோப்பு அது ஒண்ணுதான் டீச்சரம்மா. ஞானதுரைட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘மொதல்ல கிணத்தடி மரத்துல கை வைங்கலே. அது வைரம் பாஞ்ச மரம், விழுந்தா அவன் நெஞ்சு அதிரும்’னு சொன்னேன். என் வாயால சொன்னேன்.

— எந்திரிக்காதீங்க, டிரிப்ஸ் பிடுங்கிக்கும். இப்ப அவங்க எங்க இருப்பாங்க? சொல்லுங்க.

— பொழுது சாயிற வரைக்கும் வத்திராயிருப்புல நைனா முகமது ஒரக்கடையில இருப்பானுக. அங்க போன் இருக்கு. நம்பர் தெரியாது.

— நம்பர் எனக்குத் தெரியும். நைனா முகமது என் மச்சான். டீச்சரம்மா, எழுதிக்கோங்க. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதுத்தாப்புல எஸ்டிடி பூத் இருக்கு.

— சொல்லுங்க பாய். அண்ணாச்சி, உங்க தம்பிட்ட நான் என்ன சொல்லணும்? கோடு, பூசணம் எல்லாம் வெளக்கட்டுமா?

— ஒண்ணும் வெளக்காதீய. அவன் முரடன், காது குடுத்துக் கேக்க மாட்டான். பொம்பளை சமாதானம் பண்ண வந்திருக்கான்னு போன வெச்சிருவான். அண்ணன் உத்தரவுன்னு சொல்லுங்க. தோப்புல ஒரு இலை உதிரப்படாதுன்னு அண்ணன் சொன்னான்னு சொல்லுங்க. அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க. அப்பத்தான் நான் சொன்னதுன்னு நம்புவான்.

— தோப்புல ஒரு இலை உதிரப்படாது. சரி. இந்தா வாரேன்.

— ஓடுங்க டீச்சரம்மா. செருப்பு கெடக்கட்டும், ஓடுங்க.

— போயிட்டாங்க ஐயாதுரை. படு. படுன்னா படு. கட்டுல ரத்தம் கசியுது பாரு, மில்லுத் துணியா இருந்தாலும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும்.

— அந்தப் பொம்பளை நெழலுக்குன்னு விட்டு வெச்சிருக்கா பாய். நான் இங்க படுத்துக்கிட்டு அத மொதல்ல வெட்டுங்கங்கேன். மலட்டு மரம்னு நானும்தான் நெனச்சேன். அவ கல்யாணத்தன்னைக்கு அந்த மரத்தடியிலதான் அடுப்பு மூட்டிச் சோறு வடிச்சோம். அண்ணாந்து பாத்திருந்தா பூவக் கண்டிருப்பேன். சரிவுல நிக்கிற மரத்தோட எலயும் இதோட எலயும் ஒண்ணுன்னு எனக்குத் தோணல பாரு. சுப்புராஜ் தோப்புல உள்ளது எதையும் நான் மரமாப் பாத்ததே இல்ல.

— போன் கெடைச்சிரும். என் மச்சான் கடைய விட்டு அசைய மாட்டான், கல்லாவுக்குப் பசை போட்டு ஒட்டுன மாதிரி இருப்பான்.

— கெடைக்கணும்.

— கெடைச்சு மரமும் தப்பிச்சிருச்சுன்னு வையி. பொறவு? அந்தத் தோப்புக்குள்ள நீ எப்படிப் போவ? பூவு அங்க, பொண்ணு இங்க. சுப்புராஜ் கும்பிட்டா குடுப்பான்?

— கும்பிட எனக்குக் கை ஏது பாய்?

— அதான் கேக்கேன்.

— போவேன். தோப்பு வாசல்ல போயி நிப்பேன். கெட்ட வார்த்தை சொல்லுவான், சொல்லட்டும். துப்புவான், துப்பட்டும். மாப்ள வீட்டு வாசல்ல பொண்ணு வீட்டுக்காரன் நிக்கிறதுல என்ன மானக்கேடு இருக்கு? ஒத்தக் கொப்பு பூவு போதும். அவனாப் பறிச்சுக் குடுத்தாலும் சரி, வெள்ளத்தாயிட்டக் குடுத்துவிட்டாலும் சரி. அவன் உள்ளவரைக்கும் அந்த மரம் பத்திரமா நிக்கும். எங்க மேல உள்ள வைராக்கியத்துக்காகவாவது வளத்துருவான்.

— விரல வெட்டுனவன்கிட்டயா?

— கேசையும் வாபஸ் வாங்குதேன். நெசமாத்தான் சொல்லுதேன் பாய். அந்தச் சரிவுல ஒரே ஒரு பழம் கண்ணால பாத்துட்டேன்னா, இந்தக் கை போனது போனதாவே இருக்கட்டும். எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. ராத்திரி பகலாப் பாம்புலயும் அட்டையிலயும் கெடந்து காத்தது அது ஒண்ணத்தான். அது மலடாச் சாகப்படாது. அம்புட்டுத்தான் என் ஆசை.

— அல்லா குடுப்பான். அந்தா, டீச்சரம்மா வாராங்க. சிரிச்ச மொகமா வாராங்க.

— கெடைச்சாங்க அண்ணாச்சி. கெடைச்சாங்க. செத்த நேரம் போயிருந்தா பிடிச்சிருக்க முடியாது. கெளம்பி வாசலுக்கு வந்துட்டாங்களாம், நைனா முகமது பாய் கூப்பிட்டுக் குடுத்தாரு.

— சொன்னீயளா?

— நீங்க சொன்ன வார்த்தையவே சொன்னேன். அண்ணன் உத்தரவு, தோப்புல ஒரு இலை உதிரப்படாதுன்னு.

— என்ன சொன்னான்?

— மொதல்ல நம்பல. ‘எங்க அண்ணனா சொன்னான், ஒரு இலை உதிரப்படாதுன்னா சொன்னான்’னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. சத்தியமா உங்க அண்ணன்தான்னேன். மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அழறாரோன்னு நெனச்சேன். பொறவு, ‘அண்ணங்கிட்டச் சொல்லுங்க டீச்சர், கிணத்தடி மரம் அவனுக்காக நிக்கும்னு’ன்னு சொல்லிட்டுப் போனக் குடுத்துட்டாரு. குரலே மாறிப்போச்சு.

— சொன்னேம்லா பாய். முரடனா இருந்தாலும் என் பேச்சத் தட்ட மாட்டான்.

— மாசி பொறந்ததும் பூக்கும் அண்ணாச்சி. நான் பூவ ஈரத்துணியில சுத்திக் கொண்டாறேன். நீங்க இடது கையால ஒரு தூரிகைய வெச்சுத் தடவுனாப் போதும். மொதப் பூ உங்க கையாலதான்.

— பெத்தம்மாளுக்குத்தான் மொதல்ல.

— பெத்தம்மாளுக்கே. நைனா முகமது பாய்தான் பாவம், கடைசியில போன வாங்கிச் சலிச்சுக்கிட்டாரு. ‘என்னம்மா சொன்னீங்க எங்கிட்ட வந்தவங்ககிட்ட? ரம்பம், கோடாலி, ஆசிட்டு எல்லாத்தையும் என் கடையில போட்டுட்டு அருவாள மட்டும் எடுத்துட்டுத் தோப்புப் பக்கம் ஓடுதாங்க. இதுக்கெல்லாம் யாரு காவல்’னு கேக்காரு. என்ன அண்ணாச்சி? ஏன் அப்படிப் பாக்கீங்க?

— டீச்சரம்மா. ஆளப் பத்தி என்ன சொன்னீய?

— ஆளப் பத்தியா? மரத்தப் பத்தி மட்டுந்தான சொல்லச் சொன்னீங்க.